நடுத்தட்டுக் கோழிகள்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் யாராவது, "மாமி எங்கே வேலை பார்த்தேள்?" என்று கேட்டால் எனக்கு உள்ளே எரிச்சல் கிளம்பிவிடும். பதில் சொல்லாமல் இருக்க முடியாதே. "கோழிகளோட ஹார்மோன் அளக்கற லேப்ல" என்பேன். உடனே கேட்டவர் கை இலையிலேயே நிற்கும். "ஓ, பிராய்லருக்கெல்லாம் ஹார்மோன் ஊசி போடறாளே, அதுவா?"

அது இல்லை. அதுவே இல்லை. போன மாதம் திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை அக்ரஹாரத் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். கோழியின் தொடையில் மாட்டுக்குப் போடுகிற அளவு ஊசி, கீழே 'உங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்' என்று சிவப்பு எழுத்து. நான் பெரிய பதிலாக எழுதினேன். பண்ணையில் இருக்கிற ஒவ்வொரு கோழியையும் பிடித்துத் தினம் ஊசி போட எவனுக்காவது பொழுது இருக்கிறதா, கோழி சீக்கிரம் வளர்வது வளர்ப்பினத்தாலும் தீனியாலும், ஹார்மோன் அதன் உடம்பிலேயே ஊறுகிறது என்றெல்லாம். அதற்கு வந்த பதில் கைகூப்பிய பொம்மை ஒன்று. "மாமி கோவிச்சுக்காதேள், ஜாக்கிரதையா இருக்கலாமேன்னுதான்" என்று இன்னொருவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் முட்டைகூடத் தொடாதவர்கள். அவர்களுக்கு இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

சரி, வாட்ஸ்அப்பில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். நான் ஒரு கோழிக்கும் ஹார்மோன் போட்டதில்லை. அது என்ன தின்றது, எப்போது தின்றது, தின்னாமல் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைப் பொறுத்து அதன் ரத்தத்தில் ஹார்மோன் எப்படி ஏறி இறங்குகிறது என்று அளந்தவள். வேலை பார்த்த காலம் முழுக்க அதைத்தான் செய்தேன். நன்றாகச் செய்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

வேதியியல் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, திருவனந்தபுரத்துக்கு வெளியே பண்ணையோடு சேர்ந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். வேலை உத்தரவைப் பார்த்துவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "கோழியாடீ?" என்பதுதான். "கோழி இல்லைம்மா, ரத்தம்" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கடைசியில் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் கேட்டாலும், "என் பொண்ணு ரேடியேஷன்ல இருக்கா" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் பயந்து மேலே கேட்க மாட்டார்கள். அதுவும் பொய் இல்லை. கதிரியக்கம் கலந்த அயோடினை வைத்து ஹார்மோன் அளக்கிற முறைதான் எங்களுடையது. அதற்கு வடக்கே அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். போனேன், படித்தேன், சப்பாத்தி தின்று இளைத்துத் திரும்பி வந்தேன். பயிற்சியைப் பற்றி அவ்வளவு போதும்.

எங்கள் தலைவர் ஜேக்கப் சார். கோட்டயத்துக்காரர், மதராசில் படித்தவர். நல்ல தமிழ் பேசுவார், வாக்கியத்தின் வாலில் மட்டும் மலையாளம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதட்டியதே இல்லை. அதட்டியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் உட்காராமல் நின்றபடியே படிப்பார். கோழிகளின் எண்களை முதலில் பார்க்கவே மாட்டார். எவ்வளவு ஹார்மோன் இருக்கிறது என்று முன்னமே தெரிந்த சோதனைக் குழாய்களைத்தான் பார்ப்பார். அது சரியாக வந்திருந்தால்தான் மற்றதைத் தொடுவார். எல்லாம் படித்து முடித்துக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பார்வதி, உறப்பாணோ?" என்பார். உறுதிதானா என்று அர்த்தம். "உறப்பு சார்" என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. ஆனால் அந்த வார்த்தைக்கு முன் எண்களை மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. நிலையத்தில் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஓட்டம் என்னவென்று தெரியும்.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கதை புரியும். கோழியின் இறக்கையை விரித்தால் உள்பக்கம் தோலுக்கு அடியில் நீலமாக ஒரு நரம்பு ஓடும். அங்கிருந்து கொஞ்சம் ரத்தம். கோழி கத்தி ரகளை செய்தால் பயத்தில் சுரக்கிற ஹார்மோன் ஏறி எல்லாம் கெட்டுப்போகும், அதனால் தூக்கின கையிலேயே வேலை முடிய வேண்டும். ரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த நீரைப் பிரித்துக் குளிரில் வைப்பது. அப்புறம் அதை வரிசையாகக் குழாய்களில் விட்டு, கதிரியக்க அயோடின் சேர்த்த ஹார்மோனையும் அதைப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்பொருளையும் சேர்த்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் மேல் நீரை ஒரே வீச்சில் கவிழ்த்துக் கொட்டுவது. அந்த ஒரே வீச்சுதான் வித்தை. தயங்கினால் அடியில் படிந்திருப்பது நழுவும். கை நடுங்கினால் ஒரு குழாய் கூடும், ஒரு குழாய் குறையும். என் கை நடுங்கினதில்லை.

நாங்கள் முக்கியமாக அளந்தது தைராய்டு ஹார்மோனில் வேலை செய்கிற வகையை. டி-மூன்று என்று சொல்வோம். கோழிக்குத் தீனி கிடைக்காவிட்டால் அது சட்டென்று இறங்கிவிடும். கேஸ் தீரப்போகிறது, மாற்று சிலிண்டர் இல்லை என்று தெரிந்தால் நாம் அடுப்பைச் சிம்மில் வைக்க மாட்டோமா, அந்தக் கணக்குத்தான். உடம்பு சூட்டைக் குறைத்து, செலவைக் குறைத்து, இருப்பதை வைத்து ஓட்டும். தின்றவுடன் டி-மூன்று மறுபடி ஏறும். எவ்வளவு சீக்கிரம் ஏறும், எதைத் தின்றால் ஏறும் என்பதுதான் ஜேக்கப் சாரின் ஆராய்ச்சி.

அந்தச் சமயத்தில் நிலையத்துக்குப் புது இயக்குநர் வந்தார். கெட்டவர் இல்லை. நேராகப் பேசுகிறவர். கதிரியக்கப் பொருள் வைத்திருப்பதால் வருகிற கெடுபிடி, அனுமதி, ஆய்வு எல்லாம் பார்த்துவிட்டு, இந்த அறை எதற்கு, ரத்தத்தை வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினால் எண் வந்துவிடுமே என்று கேட்டார். அறையை மூடினால் என்னைத் தடுப்பூசி ஸ்டோருக்கு மாற்றுவார்களாம். அதாவது குளிர்பெட்டியைத் திறந்து மூடுகிற வேலை. ஜேக்கப் சார் ஒரு சோதனை முடிவு வரும்வரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார். "இந்தப் பட்டினிச் சோதனையைப் பாருங்கள். எங்கள் அளவு எவ்வளவு சுத்தம் என்று தெரியும். பிறகு தீர்மானிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆக, என் அறை அந்த ஒரு சோதனையின் மேல் நின்றது.

சோதனைக்கு சார் தேர்ந்தெடுத்த நாள் ஆற்றுக்கால் பொங்காலை, பகவதிக்குப் பெண்கள் ஊர்த் தெருவெல்லாம் அடுப்பு மூட்டிப் பாயசம் வைக்கிற நாள். அவர் காலண்டரில் பார்த்தது உள்ளூர் விடுமுறை என்பதை மட்டும்தான். வண்டிச் சத்தம் இருக்காது, ஆள் நடமாட்டம் இருக்காது, கோழிகள் மிரளாது என்று கணக்குப் போட்டார். முந்தின நாள் காலையில் மூன்று தட்டாக அடுக்கிய கூண்டுகளில் பாதியின் தீவனத் தொட்டிகளைக் கழற்றி, தீவன அறையைப் பூட்டிச் சாவியைச் சாரே எடுத்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் உண்டு. எதிர் வரிசைக் கோழிகளுக்கு வழக்கம்போலத் தீனி. பொங்காலை அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ரத்தம் எடுப்பதாக ஏற்பாடு.

காலையில் நானும் எங்கள் தெருவில் கல் கூட்டிப் பானை வைத்தேன். கரமனையில் அன்றைக்குத் தார்ச்சாலையே தெரியாது, அடுப்புகள்தான். நிவேத்தியம் முடிந்து கூட்டம் கலைந்து பஸ் கிடைத்து நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சேலை முழுக்கப் புகை வாசனை. கொட்டகை வாசலில் தங்கமணி நின்றுகொண்டிருந்தாள். பாறசாலைப் பக்கத்துக்காரி, கோழிக் கொட்டகை அவள் பொறுப்பு, யூனியனில் செயலாளர். நிலையத்தில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். தம்பி வீட்டு வாசலில் பொங்காலையிட்டு முடித்து, மத்தியானமே டியூட்டிக்கு வந்துவிட்டாள். கையில் தூக்குப் பாத்திரம்.

"அம்மா, கைய நீட்டுங்க. எல்லாருக்கும் குடுத்தாச்சு, நீங்கதான் பாக்கி" என்று ஒரு கரண்டி பாயசம் வைத்தாள். நெய் மணக்க நல்ல பாயசம். தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ரத்தம் எடுக்கப் போனேன்.

மூன்றாம் நாள் எண்கள் வந்தன. தெரிந்த சோதனைக் குழாய்கள் அச்சாக இருந்தன. தீனி தின்ற கோழிகள் எல்லாம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. பட்டினிக் கோழிகளில் மேல் தட்டுக் கூண்டுகளும் கீழ்த்தட்டுக் கூண்டுகளும் இறங்கியிருந்தன. நடுத்தட்டு மட்டும் இறங்கவில்லை. நடுத்தட்டுக் கோழிகள் ஒன்றுவிடாமல் உயரமாக நின்றன.

சார் நின்றபடியே படித்தார். "நடுத்தட்டோட குழாயெல்லாம் ஒரே வரிசையில வச்சிருந்தாய், அல்லே?" என்றார். ஆமாம் என்றேன். கூண்டு வரிசைப்படியே குழாய் வரிசை. ஒரு வரிசை முழுக்கத் தப்பாக வந்தால் எந்த லேபிலும் முதல் சந்தேகம் கைமேல்தான். எதிர்ப்பொருள் விடும்போது ஒரு வரிசை விட்டுப்போயிருக்கலாம், கொட்டும்போது ஆடியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டார், அவ்வளவுதான். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "பார்வதி, உறப்பாணோ?"

"உறப்பு சார்" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் அன்று சாயங்காலமே இயக்குநரிடம், இந்த அளவீட்டில் சந்தேகம் இருக்கிறது, பொறுக்கவும் என்று சொல்லிவிட்டார். அவர் நேர்மைக்கு அதைச் செய்யாமல் இருக்க முடியாது. எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன? வீட்டுக்கு வந்து குழம்பில் உப்புப் போட மறந்து, கேட்ட கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மிச்சமிருந்த ரத்தநீரை எடுத்து முழுச் சோதனையையும் திரும்பச் செய்தேன். இந்த முறை வரிசையைக் கலைத்துப்போட்டேன். நடுத்தட்டுக் கோழி ஒன்று, மேல்தட்டு ஒன்று, தீனி தின்றது ஒன்று என்று தாறுமாறாக. எண்கள் வந்தபோது அதே நடுத்தட்டுக் கோழிகள்தான் மறுபடி உயர்ந்து நின்றன. அப்போ தப்பு என் கையில் இல்லை. ரத்தத்தில் இருக்கிறது.

சார் அடுத்த கேள்வியைக் கேட்டார். தீனி தின்ற கோழிகளோடு சீட்டு மாறியிருக்குமோ? இருக்காது. மாறியிருந்தால் தின்ற கூட்டத்தில் சில எண்கள் இறங்கியிருக்க வேண்டும், அங்கே ஒன்றும் இறங்கவில்லை. தவிர, நடுத்தட்டின் எண்கள் முழுத் தீனி தின்றதின் அளவும் இல்லை, பட்டினியின் அளவும் இல்லை. நடுவே நின்றன. நானே ஒரு யோசனை சொன்னேன். பட்டினி கிடக்கிற கோழிக்கு உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கொழுப்பமிலம் ஏறும், தின்றால் இறங்கும். அதைப் பார்ப்போம் என்றேன். பார்த்தோம். மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஏறியிருந்தது. நடுத்தட்டில் இறங்கியிருந்தது.

"சார், இந்தக் கோழிகள் தின்னுருக்கு" என்றேன்.

"என்ன தின்னிருக்கும்? சாவி என் பாக்கெட்டில்."

தங்கமணியைக் கூப்பிட்டார். தீவனம் கொடுத்தாயா என்று கேட்டார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்கம்மை மேல ஆணை, ஒரு மணி தீவனம் குடுக்கல்ல சார். கேக்கியதும் ஒரு கேள்வியா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு அந்த விஷயம் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அடுத்த நாள் பஸ்ஸில் பாப்பனங்கோடு தாண்டும்போது ஒரு பெண் கடையில் வாங்கின அல்வாவைப் பிரித்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் ஆச்சா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாருக்கும் குடுத்தாச்சு, நீங்கதான் பாக்கி. பொங்காலை அன்று கொட்டகையில் தங்கமணியைத் தவிர ஆளே கிடையாது. ஜேக்கப் சார் குவார்ட்டர்ஸில் இருந்தார். அவர் இனிப்புத் தொடாதவர். அப்புறம் அந்த 'எல்லாரும்' யார்?

இறங்கினதும் நேராகக் கொட்டகைக்கு ஓடினேன். "தங்கமணி, பொங்காலைப் பாயசத்தைக் கோழிக்குக் குடுத்தியா?"

"பின்ன குடுக்காண்டாமா?" என்றாள், கொஞ்சமும் கலங்காமல். "முந்தின நாள்ல இருந்து வெறும் தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்குவு. நானும் விரதம், அதுகளும் விரதம். எனக்கு மட்டும் பாயசம், அதுகளுக்கு வாயில மண்ணா?"

"அன்னிக்கு சார் கேட்டப்போ இல்லைன்னு சத்தியம் பண்ணினியே!"

"தீவனம் குடுத்தியான்னு கேட்டாரு. குடுக்கல்ல. தேவிக்க பிரசாதம் தீவனமாம்மா? நீங்க அக்ரஹாரத்துக்காரங்க, நீங்களே இப்படிக் கேக்கலாமா?"

அவள் சொன்னது சரி. பிரசாதத்தை நாங்களும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏகாதசி விரதம் இருக்கிற என் அம்மாவே, கோயிலில் கையில் வைத்த சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, "பிரசாதத்துக்கு விரதம் முறியாது" என்பாள். அதே கணக்குத்தான் தங்கமணிக்கும். கோழியின் தைராய்டுக்கு மட்டும் அந்தக் கணக்குத் தெரியவில்லை.

"அது சரி, நடுத்தட்டுக்கு மட்டும் ஏன்?"

"மேல்தட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏறணும். கீழ்த்தட்டுக்குக் குனியணும். வெளுப்புக்கே எழும்பி அடுப்புக்க முன்னால நின்ன இடுப்பு இது. கைக்கு எட்டுனதுகளுக்குக் குடுத்தேன். தேவி கோவிச்சுக்க மாட்டா."

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கவலை. இதைச் சாரிடம் சொன்னால் என் கை தப்பிக்கும், இவளுக்கு மெமோ வரும். அதைச் சொல்லவும் செய்தேன். தங்கமணி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "மெமோ நான் காணாததா? வாங்க, நானே சொல்லுதேன்" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

ஜேக்கப் சார் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "ஒரு கோழிக்கு எத்ர கொடுத்தாய்?" என்றார்.

"கரண்டியில பாதி இருக்கும் சார்."

"எப்போ?"

"நான் டியூட்டிக்கு வந்த உடனே. ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காதுல்லா?"

"நெய் சேர்த்தாயோ?"

"நெய் இல்லாம பாயசமா? சார் என்ன பேசுதீங்க?"

"தேங்காய்?"

"திருவித்தான் போட்டேன்."

சார் என் பக்கம் திரும்பினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "பார்வதி, அரைக் கரண்டி அரிசியும் சர்க்கரையும் ஒரு பட்டினிக் கோழியை மத்தியானத்திலிருந்து சாயங்காலத்துக்குள்ளே திருப்பிக் கொண்டுவருமெங்கில், இதுதானே நமக்கு வேணும்?" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "உன் கையைச் சந்தேகப்பட்டேன். அது என் தப்பு" என்றார். எத்தனையோ வருஷம் அவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் அவ்வளவு வருஷம் பார்த்திருப்பேன். பின்னாளில் அரிசி தனியாக, சர்க்கரை தனியாக, எண்ணெய் தனியாகக் கொடுத்து முறைப்படி செய்து பார்த்தோம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் டி-மூன்று எழுந்து வந்தது, எண்ணெய்க்கு அசையவில்லை. கட்டுரையாகவும் வந்தது. தங்கமணிக்கு மெமோ வரவில்லை. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லி அவள் பெயர் வந்தது.

ஆனால் அதெல்லாம் பின்னால். அப்போது இயக்குநர் இருந்தார். அவரிடம் போய்ச் சார் நடந்ததைச் சொன்னார், என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. இயக்குநர் நன்றாகவே சிரித்தார். பிறகு, "கதை பிரமாதம். ஆனால் கதையை நம்பி லேப் நடத்த முடியாது. எண் தப்பாக வந்ததும் அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் வெளியே இருப்பவன் சொல்வான்" என்றார். நியாயம்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தாலும் நியாயம் நியாயம்தான்.

"அப்போ சார், நீங்களே கொடுங்கோ" என்று சொல்லிவிட்டேன். ஜேக்கப் சார் திடுக்கிட்டுப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "ஒரு வரிசைக் கோழியைப் பட்டினி போடுவோம். நீங்க போய் உங்களுக்கு இஷ்டப்பட்டதுக்குச் சோறு கொடுங்கோ, இஷ்டப்பட்டதை விட்டுடுங்கோ. யார்கிட்டயும் சொல்லாதேங்கோ. எது தின்னுது, எது தின்னலைன்னு நான் ரத்தத்தைப் பார்த்துச் சொல்றேன். தப்பாப் போனா ஸ்டோர் சாவியை அப்பவே கொடுங்கோ."

இயக்குநர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சம்மதம்" என்றார்.

அவரே வந்தார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனார். உள்ளே அவரும் சோற்றுப் பாத்திரம் பிடிக்கத் தங்கமணியும் மட்டும். வெல்லம் கலந்த சோறு. தங்கமணி எனக்கு முன்னமே சத்தியம் செய்து தந்திருந்தாள். "ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களும் எனக்க மொகத்தப் பாக்காதீங்க, எனக்கு ஒளிக்கத் தெரியாது" என்றாள். சாயங்காலம் ரத்தம் எடுக்கும்போது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கோழிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

அந்தச் சோதனையை நான் செய்தது போல வேறு எதையும் செய்ததில்லை. குழாய்களை நானே கழுவினேன், நானே உலர்த்தினேன். ஒவ்வொரு கோழிக்கும் இரண்டு குழாய் வைக்க வேண்டிய இடத்தில் மூன்று வைத்தேன். கொட்டுகிற நேரம் வந்தபோது ஜன்னலைச் சாத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே வீச்சு. எண்கள் அச்சாகி வந்தன. தெரிந்த குழாய்கள் சரி. கோழிகள் இரண்டு கூட்டமாகத் தெளிவாகப் பிரிந்து நின்றன. எனக்கு ஒன்றில்கூடச் சந்தேகம் இல்லை.

இயக்குநர் அறைக்கு வந்தார். சார் வழக்கம்போல நின்றார். நான் கூண்டு வரிசையில் சொல்லிக்கொண்டே போனேன். இது தின்றது. இது தின்றது. இது தின்னவில்லை. இயக்குநர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முகத்தில் சிரிப்பு வர ஆரம்பித்தது. கடைசிக் கூண்டுக்கு வந்தேன். "இது தின்னது."

"இல்லை" என்றார்.

இயக்குநர் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார். "அந்தக் கடைசிக் கோழிக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓரமாக இருப்பதால் அதை வேண்டுமென்றே விட்டேன்" என்றார். பிறகு இரக்கமாகவே சொன்னார், "பரவாயில்லை. ஒன்றுதானே. மற்றதெல்லாம் சரி."

ஒன்றுதானே. அந்த இடத்தில் நான் தலையாட்டியிருந்தால் ஒருவேளை அறையும் தப்பியிருக்கும், எல்லாரும் டீ குடித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுத்தால் அப்புறம் என் எண்கள் எல்லாமே பேரம்தானே? மூன்று குழாயும் ஒன்றுபோல வந்திருக்கிறது. அந்தக் கோழியின் அளவு தின்ற மற்றவற்றைவிடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் பட்டினிக் கூட்டத்துக்கு எவ்வளவோ மேலே.

ஜேக்கப் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பார்வதி, உறப்பாணோ?"

"உறப்பு சார். அந்தக் கோழி தின்னுருக்கு. கொஞ்சமாத்தான் தின்னுருக்கு. ஆனா தின்னுருக்கு."

இயக்குநரின் முகம் மாறிற்று. "அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா?"

"நீங்க கொடுக்கலை சார். அதை நான் நம்பறேன். ஆனா அது தின்னது. ரெண்டும் நிஜம்."

சார் கதவைத் திறந்துகொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். தின்னவில்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு. இல்லை, தின்றதுதான் என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தன.

"தங்கமணி, அன்றைக்கு வைத்த மாதிரியே கடைசிக்கு முந்தின கூண்டுக்குச் சோறு வை" என்றார் சார். அவள் வைத்தாள். அந்தக் கூண்டுக் கோழி தின்ன ஆரம்பித்தது. ஓரத்துக் கோழி முதலில் சும்மா நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது. பிறகு கூண்டின் பின்மூலைக்குப் போய், பற்றவைப்பு விட்டுப்போயிருந்த ஒரு கம்பியை மார்பால் நெம்பி, கழுத்தை முழுக்க அடுத்த கூண்டுக்குள் நீட்டி, பக்கத்துக் கோழியின் தொட்டியிலிருந்து சோற்றைக் கொத்தி எடுத்தது. விழுங்கியது. மறுபடி கொத்தியது. பழகின கை போலச் செய்தது.

"அடி கள்ளி!" என்றாள் தங்கமணி. "எனக்க கண்ணு முன்னாலயே!"

இயக்குநர் கூண்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்தக் கோழி தின்று முடிக்கும்வரை குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜேக்கப் சார் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அவர் கை மட்டும் வந்து என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிற்று. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"அப்போ என் ரூம் சார்?" என்று கேட்டேன்.

இயக்குநர் கோழியிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இந்தக் கோழி என்னையே ஏமாத்திட்டது மேடம். உங்களை ஏமாத்த முடியலை. உங்க ரூமை யாரு தொடப்போறா?"